ஒடெஸ்ஸாவின் எட்டு ரெக்கார்டுகள்

13.2.91, புதன். சாம்பல் புதன்.

காலையில் பனி. தண்ணி லாரி வந்தது. வரிசையில் ஒருத்தி என் குடத்தைத் தள்ளிவிட்டு அவள் குடத்தை வைத்தாள். முன்பென்றால் நான் போடும் சத்தத்தில் லாரிக்காரனே இறங்கி வருவான். இப்போது வாயைத் திறந்தால் கூட்டமே திரும்பிப் பார்க்கிறது, ஆம்பளை எவன் வந்தான் என்று. பக்கத்து வீட்டு விமலா எனக்கும் சேர்த்துக் கத்தினாள். ரெண்டு குடம் கிடைத்தது.

ஆபீஸில் புது ஆபரேட்டர் பெண் சாப்பிடப் போயிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நவம்பர் வரை அது என் சீட், பழக்கதோஷம். ஸ்டோர்ஸிலிருந்து ஓடிப்போய் எடுத்தேன்.

"வணக்கம் சார். ஆபரேட்டர் மேடம் இல்லீங்களா?"

"மேடம்தான் பேசறேன்."

"வெளையாடாதீங்க சார். எஸ்டிடி ஓடிக்கிட்டிருக்கு."

வைத்துவிட்டேன். ஸ்டோர்ஸுக்குத் திரும்பி வந்து வாஷர் பெட்டிகளை அடுக்கினேன். அழுகை வந்தது. அங்கே அழுதால் கிரீஸ் வாடைதான் மூக்கில் ஏறும். அழவில்லை.

நவம்பரில் கழுத்துக் கட்டியை எடுத்ததிலிருந்து இந்தக் கதி. கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். உயிர் இருக்கிறது. என் குரல் போய், யாரோ ஒரு ஆளின் குரல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மார்ச் வரை பொறுங்கள், திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். இதைச் சொல்ல எதற்கு டாக்டர், கிளி ஜோசியனே சொல்வானே.

சாயங்காலம் சர்ச். கொயரில் உட்காரவில்லை. பெண்கள் பக்கம் கடைசி பெஞ்ச். உதட்டை மட்டும் அசைத்தேன். புனித வெள்ளிக்கு இன்னும் ஆறு வாரம்தான். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு தனிப்பாட்டு. நாலாவது, என்னை ஏன் கைவிட்டீர் என்று கேட்கிற இடம், கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த வருஷத்திலிருந்து என்னுடையது. இந்த வருஷம் எல்லோர் கண்ணும் பியூலா மேல். காலேஜ் போகிற பெண். நல்ல குரல். அதுதான் எரிச்சல்.

16.2.91, சனி

எதிர் வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியன் டாஃப்னி ஆன்ட்டியின் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தோம். ஜனவரியில் ஆன்ட்டி மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனபோது, பிளேனில் எடை ஆகாது என்று எங்களிடம் விட்டுப்போனது. ஒரு ரெக்கார்டு பிளேயர், எட்டு ரெக்கார்டு. எட்டும் ஒரே பாடகி. ஒடெஸ்ஸா கிரேன், அமெரிக்காவில் கறுப்பினப் பெண். இந்தப் பாட்டு வகைக்கு சோல் என்று பெயர். அட்டைகளின் பின்னால் ஆன்ட்டியே பால்பாயின்ட் பேனாவில் ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதி வைத்திருக்கிறார்.

"ஆர்டர்ல கேக்கணும் மேன் ஜாய்ஸ். நடூல எடுத்துக் கேக்காதே. அவ கூடவே நீ வயசாகணும்." டாக்ஸியில் ஏறும்போதும் இதைத்தான் சொன்னார்.

பிளேயரில் பெல்ட் பிய்ந்து தூளாகிவிட்டது. இவர் விடுவாரா, பாடி ஃபேக்டரியில் லேத்தில் நிற்கிற கை சும்மா இருக்காது. பழைய சைக்கிள் டியூபை மெல்லிசாக வளையமாக வெட்டி மாட்டினார். சுற்றியது. "பாத்தியா" என்றார். பார்த்தேன். முழங்கை வரை கறுப்பு. சோப்பு தீர்ந்தது, வாங்க வேண்டும்.

17.2.91, ஞாயிறு

ஒன்றாவது ரெக்கார்டு.

அட்டையில் வெள்ளை கவுன் போட்ட பெண், இருபது கூட இருக்காது. பின்னால் கோட்டு போட்ட அப்பா. பாஸ்டராம். எல்லாம் கோயில் பாட்டு. மெலிந்த கை, பெரிய கண்.

ஊசியை வைத்தார். வந்த குரலைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை சின்னப் பெண்ணுக்கு அப்படி ஒரு அடிக்குரல். கனமாக, மெதுவாக, அவசரமே இல்லாமல். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. என் குரல் மாதிரி.

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

சுருதிப் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்பு நான் பாடினது ஐந்து கட்டை. இவள் பாடுவது ஒரு கட்டை. ஆம்பளைகள் சுருதி. அதில் கூச்சமில்லாமல் நிற்கிறாள், பின்னால் அப்பனே நிற்கும்போது.

இரண்டு தரம் கேட்டோம். மீன் குழம்பு அடிப்பிடித்தது.

20.2.91, புதன்

தொண்டைக்கு வெந்நீர், மாத்திரை. ஸ்டோர்ஸில் ஸ்டாக் பார்க்கிறார்கள், முதுகு வலி.

இரண்டாவது ரெக்கார்டு. ஊரை விட்டு வந்துவிட்டாள். அட்டையில் பஸ் ஸ்டாப், ஒரு சூட்கேஸ். கோயில் பாட்டு இல்லை, காதல் பாட்டு. ஆனால் பாடுகிற விதம் அதேதான். ஆண்டவரைக் கூப்பிட்ட அதே மாதிரி எவனையோ கூப்பிடுகிறாள். ஊரில் வைதிருப்பார்கள். அப்பா என்ன சொன்னாரோ. இந்த அட்டையில் அவரைக் காணோம்.

பாதி வார்த்தை புரியவில்லை. இழுத்து இழுத்துச் சொல்கிறாள். அமெரிக்க உச்சரிப்பு அப்படி என்று நினைக்கிறேன்.

24.2.91, ஞாயிறு

மூன்றாவது. இதுதான் பேர் வாங்கிக் கொடுத்தது என்று அட்டையில் போட்டிருக்கிறது. சிவப்பு கவுன், வயலின் கூட்டம். வயலின் எல்லாம் அழுகிற மாதிரி அடியில் போகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று பார்த்தால் நான் பாடிக்கொண்டிருக்கிறேன். அவளோடு. அதே சுருதி, அதே இடம், எங்கும் இடிக்கவில்லை. கை சாம்பலும் தேங்காய் நாருமாக. நவம்பருக்குப் பிறகு இன்றுதான்.

பாதியில் கரண்ட் போனது. ஒடெஸ்ஸா அப்படியே இறங்கி இறங்கி, கிணற்றுக்குள் போய், எருமை மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார். கரண்ட் வந்ததும் திரும்பவும் அதே பாட்டைப் போட்டு, அட்டையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, ஷிப்டுக்கு நேரமாச்சா?"

"ஒண்ணுமில்ல. நீ பாடு."

2.3.91, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. மோர் மிளகாய் போட வேண்டும்.

நான்காவது: ஏதோ ஒரு கிளப்பில் ஆட்கள் முன்னால் பாடியது. கைதட்டல் கூட மந்தமாக, ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. ஆனால் ஒருத்தன் நடுவில் ஏதோ கத்துகிறான், இவள் பாட்டை நிறுத்தாமலேயே அவனுக்கு பதில் சொல்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தத் திமிர் எனக்கு வேண்டும். லாரி வரிசையில் உதவும்.

தினமும் பாடுகிறேன். காலையில் குளிக்கும்போது, சாயங்காலம் இவளோடு. நாலாம் வார்த்தைக் கீர்த்தனையை ஒரு கட்டையில் வைத்துப் பார்த்தேன். நிற்கிறது. மேலே போகிற ஒரு இடத்தில் மட்டும் சீலை கிழிகிற மாதிரி கிழிகிறது. இவர் வாசலில் நின்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

12.3.91, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எழும்பூரில் இறங்கி நடை. தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார்கள், வாந்தி வந்தது.

"ஒரு பக்கம் அசையவே இல்லம்மா. இனிமே இதுதான் உங்க குரல். பேசறதுக்குப் பிரச்சினை இல்ல, பழகிக்கலாம்."

"பாடுவேன் சார்."

"பாட்டு டீச்சரா?"

"இல்ல. சர்ச்சுல."

"அப்ப பரவால்ல" என்றார்.

பரவால்ல. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அந்த வார்த்தையை எத்தனை தரம் சொல்லிப் பார்த்தேனோ. பக்கத்தில் நின்ற கிழவர் என்னைப் பார்த்து நகர்ந்துகொண்டார்.

வீட்டில் ஐந்தாவது ரெக்கார்டு. கணவன் விட்டுப் போன பிறகு பாடியதாம். அட்டையில் அவள் இல்லை. ஒரு நாற்காலி மட்டும். இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. பாடவில்லை, கேட்டேன். இவர் அடுப்படியில் சோறு வடித்தார், கையைச் சுட்டுக்கொண்டார். மஞ்சள் வைத்தேன்.

போனது போனதுதான். எழுதியாயிற்று.

16.3.91, சனி

ஆறாவது மோசம். தலைமுடியைக் குடை மாதிரி விரித்து வைத்துக்கொண்டு ஆட்டப் பாட்டு. ஆட்டமே நகர மாட்டேன் என்கிறது. யாரோ காசு கொடுத்துப் பாட வைத்திருக்கிறார்கள். எடுத்து வைத்துவிட்டேன்.

கொயர் பிராக்டீஸுக்குப் போனேன். வாசலில் நின்றேன். முன் வரிசையில் சோப்ரானோ பக்கம் முதல் நாற்காலி, என்னுடையது, காலியாகத்தான் இருக்கிறது. பியூலா அதில் உட்காராமல் அடுத்ததில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், என்ன செய்ய. எதிர்ப் பக்கம் ஆண்கள். டெனரில் எப்போதும் போல ஆள் பஞ்சம். தங்கராஜ் அண்ணன் மட்டும், பாட்டுப் புத்தகத்தை மூக்கருகில் பிடித்துக்கொண்டு.

முடிந்ததும் மாஸ்டரிடம் போனேன்.

"நாலாம் வார்த்தை நான் பாடறேன் மாஸ்டர்."

என் குரலைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"இதுதான்னு சொல்லிட்டாரு. ஒரு கட்டைல நிக்குது. பாடிக் காட்டறேன்."

"ஒரு கட்டைல பொம்பள பாடினா சபை சிரிக்கும்மா. அதுவும் புனித வெள்ளியில. ஒனக்குத்தான் அசிங்கம்."

"அமெரிக்காவுல ஒருத்தி பாடியிருக்கா மாஸ்டர். எட்டு ரெக்கார்டு போட்டிருக்கா. ஒலகமே கேக்குது, ஒருத்தனும் சிரிக்கல."

"எந்த ஒருத்தி? எங்கிட்ட பிளேயர் இல்லையே. கேசட்ல பிடிச்சுக் கொண்டா, கேப்போம். அப்புறம் பேசுவோம்."

சரி என்று வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துபோகுமே. கேசட்டும் வாங்கியாயிற்று.

20.3.91, புதன்

ஏழாவது. திரும்பவும் கோயில் பாட்டு. அட்டையில் வெள்ளை உடை, ஆனால் கண் வேறு. அப்பா இல்லை. செத்திருப்பார். இதில் ஒரு பாட்டு நம் நாலாம் வார்த்தைக்கு அக்கா தங்கச்சி. இதைத்தான் மாஸ்டருக்குப் பதிவு செய்யப் போகிறேன்.

எட்டாவதைப் பரிசுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன். அட்டையைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆன்ட்டி சொன்ன ஆர்டர்.

இவரிடம் சனிக்கிழமை கரையான்சாவடி போகிறேன் என்றேன். அங்கே சலீம் பாய் கடையில் ரெக்கார்டிலிருந்து கேசட்டுக்குப் பிடிப்பார்கள்.

"எதுக்கு கடைக்கு? வீட்டுலயே டேப்பை கிட்ட வச்சுப் பிடிச்சுக்கலாமே."

"குக்கர் விசிலும் சேந்து விழும்."

"அதுக்கில்ல ஜாய்ஸ்" என்றார். மொபெட்டைத் துடைக்கப் போனார்.

23.3.91, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

ஆவடியில் மாறி, பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முழங்கையும் படாமல். கரையான்சாவடியில் நல்ல வெயில். சலீம் பாய் கடையில் ஃபேன், சுவரெல்லாம் கேசட்.

"இன்னாக்கா, இந்த பிளேட்டு எங்க புட்சீங்க? சூப்பரா கீதே, ஒரு கோடு கூட இல்ல."

வெற்றுக் கேசட்டைக் கொடுத்து, ரெக்கார்டைப் போடச் சொன்னேன். போட்டார்.

ஒரு சின்னப் பெண் பாடினாள். மேல் சுருதியில், சுறுசுறுப்பாக, வெள்ளிக்காசைக் கொட்டின மாதிரி.

"பாய், ஸ்பீடு தப்பு. நாப்பத்தஞ்சுல வச்சிட்டீங்க."

"முப்பத்திமூணுலதான்கா கீது. இங்க பாருங்க."

"எனக்குத் தெரியாதா? தெனமும் கேக்கறேன். உங்க மிஷின் கெட்டுப்போச்சு."

பாய் கோபப்படவில்லை. ஒடெஸ்ஸாவை எடுத்துவிட்டு, ரேடியோவில் தினம் கேட்கிற ஒரு பழைய சினிமாப் பாட்டை அதே மிஷினில் போட்டார். "இது தெரிஞ்ச பாட்டுதானே. கரெக்டா கீதா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

கரெக்டாக இருந்தது.

திரும்பவும் ஒடெஸ்ஸா. அதே சின்னப் பெண். நான் அசட்டு மாதிரி நின்றிருந்திருக்கிறேன். பாய்க்கே பாவமாகிவிட்டது. ரெக்கார்டின் ஓரத்தில் விரலை மெல்ல வைத்தார். குரல் தாழ்ந்தது. தாழ்ந்து, கனத்து, எனக்குத் தெரிந்த ஒடெஸ்ஸா வந்தாள்.

"இப்டியா கேப்பீங்க?"

"ஆமா பாய். இதான் அவ."

"இது அவங்க இல்லக்கா. என் வெரலு."

விரலை எடுத்தார். அவள் போய்விட்டாள்.

"உங்கூட்டு பிளேயர்ல பெல்ட்டு லூஸா இருக்கும். வேற போட்டா சரியாய்டும்" என்றார். பதிவு வேண்டாம் என்றேன். வெற்றுக் கேசட்டோடு வந்தேன்.

இவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

"மூணாவது ரெக்கார்டுலயே தெரிஞ்சுபோச்சு. அட்டைல மூணு நிமிசம்னு போட்ட பாட்டு நாலரை நிமிசம் ஓடுது. கரண்டு போச்சே, அன்னிக்கு."

"ஏன் சொல்லல?"

"நீ சமையக்கட்டுல பாடிக்கிட்டிருந்த, ஜாய்ஸ். ஆபரேசனுக்கப்புறம் அன்னிக்குத்தான் பாடின. அங்க வந்து என்னத்தச் சொல்ல?"

கத்த வேண்டும் என்று வந்தது. கத்த முடியாது என்பது இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. காற்றுதான் வந்தது. டம்ளரை எடுத்து எறிந்தேன். சுவரில் பட்டு நசுங்கியது. என்னை ஏமாற்றினீர்கள், ஊரே சிரித்திருக்கும், மாஸ்டர் முன்னால் நான் பைத்தியம் மாதிரி நின்றிருப்பேன் என்றேன். ஆம்பளைக் குரலில் அழுவது எவ்வளவு அசிங்கம்.

அவர் டம்ளரை எடுத்து, மடியில் வைத்து, நசுங்கலைத் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

24.3.91, குருத்தோலை ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். ஊர்வலம் தெருவில் போனது, பியூலா குரல் தனியாகத் தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

உலகத்தில் என்னை மாதிரி ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் டியூப்.

இவரோடு பேசவில்லை.

26.3.91, செவ்வாய்

இவர் வேறு வளையம் வெட்டி வைத்திருந்தார், இறுக்கமாக. "மாட்டட்டுமா?" என்றார். தலையை ஆட்டினேன். தெரிந்துவிட்ட பிறகு பொய்யைக் கேட்க முடியாது.

ஒன்றாவது ரெக்கார்டு. அந்த வெள்ளை கவுன் பெண், சரியான வேகத்தில்.

சுருதிப் பெட்டியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து கட்டை. மேலே போகிற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு ஏறுவாள், பயமே இல்லாமல். நானும் அங்கே அப்படித்தான் ஏறுவேன். அக்டோபர் வரைக்கும் அப்படித்தான் ஏறினேன். என் குரலை யாரோ எடுத்து அமெரிக்காவில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. முழுசும் கேட்டேன். எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"போதுமா?" என்றார்.

"எட்டாவதைப் போடுங்க. கடைசியில அவளுக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம்."

எட்டாவது அட்டை. வயசாகிவிட்டது. தலை நரைத்திருக்கிறது. கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப், இறுக்கமாக, தாடை வரை. ஆபரேஷன் ஆன கழுத்தை மறைக்க நான் சீலையை எப்படி இழுத்துவிட்டுக்கொள்வேனோ அப்படி. பின் பக்கத்தைப் படித்தேன். தொண்டையில் நோய். பல வருஷம் பாடவில்லை. மருத்துவர்கள் கைவிட்டார்கள். திரும்பி வந்து பாடினாள். குரல் பழையது அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இவர் உறைக்குள்ளிருந்து ரெக்கார்டை எடுத்தார். ஊசி வைத்தார்.

குழந்தைகள் பாட்டு. ஆட்டுக்குட்டி, வாத்து, கைதட்டல்.

ஆன்ட்டி அவசரத்தில் மாற்றி வைத்திருக்கிறார். டிரங்கைக் கவிழ்த்துப் பார்த்தோம், பாச்சை உருண்டைதான் உருண்டது. எட்டாவது ஆன்ட்டியோடு பெர்த்துக்குப் போயிருக்கும், இல்லை பழைய பேப்பர்காரனிடம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

நான் சிரித்துவிட்டேன். மூணு நாளைக்குப் பிறகு இவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்: "வாத்தை நிறுத்துங்க."

28.3.91, பெரிய வியாழன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். விடிந்தால் புனித வெள்ளி. பியூலாவும் அங்கே இருந்தாள், அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கேசட் கொண்டாந்தியாம்மா?"

"இல்ல மாஸ்டர். நான் சொன்னது தப்பு. மிஷின்ல கோளாறு, மெதுவா ஓடிச்சு. அவளும் அஞ்சு கட்டைதான். கடைசியில அவளுக்கும் குரல் போயிருக்கு, ஆனா அந்த ரெக்கார்டு எங்கிட்ட இல்ல. காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

"சரி விடு. அப்ப பியூலாவே…"

"நான் பாடறேன் மாஸ்டர்."

பியூலா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல நினைத்து வரவில்லை, தானாக வந்தது: "நாலாம் வார்த்தைல ஆண்டவர் என்ன கேக்கறாரு? ஏன் கைவிட்டீர்னு. அது வெள்ளிக் குரல்ல கேக்கற கேள்வியா? இத்தன வருசம் நானும் அழகா கேட்டேன். அப்ப எனக்கு என்ன கொறை இருந்துச்சு? ஒண்ணுமில்ல. இப்பதான் கேக்க வேண்டியிருக்கு."

மாஸ்டர் ரொம்ப நேரம் ஹார்மோனியம் துருத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பியூலா தன் பாட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "ஆன்ட்டி பாடட்டும் மாஸ்டர்" என்றாள். அவளை நான் இத்தனை நாள் எத்தனை வைதிருக்கிறேன், மனசுக்குள்.

"சபை சிரிச்சா நான் பொறுப்பில்லம்மா."

"சிரிக்கட்டும்."

"ஒரு கட்டைதானே? பாடு."

29.3.91, புனித வெள்ளி

வெக்கை. சர்ச்சில் ஃபேன் போடவில்லை, சத்தம் வரும் என்று. எல்லாரும் வெள்ளை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட இல்லை. தொண்டை காய்ந்து கட்டை.

மூன்றாம் வார்த்தை முடிந்து ஆயர் உட்கார்ந்தார். எழுந்து போனேன். மாஸ்டர் சுருதி கொடுத்தார்.

ஆரம்பித்ததும் முன் பெஞ்சுகளில் தலைகள் ஆண்கள் பக்கம் திரும்பின, யார் பாடுவது என்று தேடி. பிறகு என் பக்கம் வந்தன. அதைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். முதல் சரணம் முழுக்க மாஸ்டர் விரலையே பார்த்துப் பாடினேன். ஒடெஸ்ஸாவை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. யாரும் வரவில்லை. நான் மட்டும்தான் நின்றேன்.

இரண்டாம் சரணத்தில் மேலே போகிற இடம். கிழிந்தது. நன்றாகவே கிழிந்தது, ஒரு முழு வரி வெறும் காற்று. மாஸ்டர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. கடைசிச் சரணத்தைப் பாடினேன் என்று சொல்ல முடியாது. கேட்டேன், அவ்வளவுதான். ஏன் என்று.

யாரும் சிரிக்கவில்லை. புனித வெள்ளியில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. மும்மணி ஆராதனை முடிந்தால் பேசாமல் கலைய வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். கை கொடுக்கக் கூடாது, வணக்கம் கூடாது. இத்தனை வருஷம் அது எனக்குப் பிடிக்கும். இன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். குனிந்த தலைகள். நன்றாக இருந்ததா, கேவலமா, ஒரு முகத்திலும் எழுதவில்லை. உபவாசம் முடிக்கக் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் பியூலாவின் அம்மா என் கிண்ணத்தில் துவையலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்க் காரமாகவும் இருக்கலாம்.

மொபெட்டில் இவர் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இவரும் பேசவில்லை. இவர் வழக்கத்தை மீறாத ஆள். வீடு வரை அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

30.3.91, சனி

துணி ஊற வைத்தேன். லாரி வந்தது. எவளோ குடத்தைத் தள்ளினாள், "எடும்மா" என்றேன், எடுத்தாள். ரெக்கார்டுகளைப் பழையபடி டிரங்கில் அடுக்கினேன், எட்டாவது அட்டையைத் தவிர. அதை அலமாரிக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நான் எப்படிப் பாடினேன் என்று இதுவரை ஒரு ஆள் சொல்லவில்லை.

31.3.91, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. தெருவெல்லாம் மெழுகுவர்த்தி. சர்ச்சுக்குள் போனால், சோப்ரானோ வரிசையில் முதல் நாற்காலியில் பியூலா. அடுத்த நாற்காலியிலும் ஆள். எனக்கு இடம் இல்லை.

அப்படியே நின்றேன். ஆக, இதுதான் பதில் என்று நினைத்தேன். திரும்பிக் கடைசி பெஞ்சுக்குப் போகப் பார்த்தேன். மாஸ்டர் ஆர்கனிலிருந்து தலையைத் தூக்காமல் விரலை மட்டும் நீட்டிக் காட்டினார். எதிர்ப் பக்கம், ஆண்கள் வரிசை. டெனரில் எனக்காக ஒரு நாற்காலி.

அங்கே ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவழியைக் கடந்து போனேன். சீலையைக் கழுத்திலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டேன், வெக்கை. தங்கராஜ் அண்ணன் கொஞ்சம் நகர்ந்து, பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.